89இலிருந்து 51: ரொறன்ரோவில் கொலைகள் ஏன் குறைந்தன?

1991ஆம் ஆண்டு ரொறன்ரோவில் 89 பேர் கொலை செய்யப்பட்டார்கள். இருபது வருடம் கழித்து, 2011இல், அந்த எண் 51. இதற்கிடையில் நகரத்தின் மக்கள்தொகை 22 இலட்சத்து 75 ஆயிரத்திலிருந்து 26 இலட்சத்து 15 ஆயிரமாகக் கூடியிருந்தது. ஆட்கள் கூடினார்கள், கொலைகள் குறைந்தன. ஏன்?

பொலிசைக் கேட்டால் பொலிஸ் என்று சொல்வார்கள். சமூக நிலையத்தில் வேலை செய்பவரைக் கேட்டால் இளைஞர் திட்டங்கள் என்பார். அரசியல்வாதி தன் கட்சி கொண்டுவந்த சட்டத்தைச் சொல்வார். நான் கணினித் துறையில் ஆலோசகராக வேலை செய்கிறேன். இது எனக்கு நன்றாகப் பழகிய காட்சி. ஒரு நிறுவனத்தின் இணையத்தளம் திடீரென்று வேகமாக ஓடத் தொடங்கினால், "நாங்கள் செய்த மாற்றத்தால்தான்" என்று மூன்று குழுக்கள் வரும். அந்த வாரம் பாடசாலை விடுமுறை, பாவிப்பவர்கள் குறைவு என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

இந்தப் பதிவில் அப்படி உரிமை கோருகிற காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். இதில் எங்கள் சமூகத்துக்கும் ஒரு அத்தியாயம் உண்டு. உங்களில் பலர் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். வீட்டில் பெரியவர்கள் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

முதலில், எண்ணுவது எப்படி?

கொலைகளை வெறும் எண்ணாகப் பார்த்தால் ஏமாந்துபோவோம். பெரிய ஊரில் கூடவும் சின்ன ஊரில் குறையவும்தான் செய்யும். ஆகவே ஒரு இலட்சம் பேருக்கு எத்தனை கொலை என்று கணக்கிடுவார்கள். இதுதான் கொலை விகிதம். 1991இல் ரொறன்ரோவின் விகிதம் ஏறக்குறைய 3.9. 2011இல் அது 2க்குச் சற்றுக் கீழே. அதாவது இருபது வருடத்தில் பாதியாகிவிட்டது.

இன்னொரு நகரத்தோடு ஒப்பிட்டால் அளவு புரியும். 1990இல் நியூயோர்க்கில் 2,245 கொலைகள் நடந்தன. இலட்சத்துக்கு 30க்கும் மேல். ரொறன்ரோ அதன் மோசமான வருடத்திலும் நியூயோர்க்கில் எட்டில் ஒரு பங்குதான். ஆகவே எங்கள் நகரத்தின் கதை, ஏற்கனவே குறைவாக இருந்தது இன்னும் குறைந்த கதை. எண்கள் இப்படிச் சிறியதாக இருக்கும்போது ஒரு கெட்ட இரவுகூட வருடக் கணக்கை மாற்றிவிடும். ஒரு வருடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு "கூடிவிட்டது", "குறைந்துவிட்டது" என்று சொல்வதை நம்பாதீர்கள். பத்து வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

உரிமை கோரும் காரணங்கள்

முதல் காரணம் தூக்குத் தண்டனை. "தூக்கில் போட்டால் பயப்படுவார்கள்" என்று எங்கள் மாமாமார் பலர் இன்றும் சொல்வார்கள். கனடாவில் கடைசியாக இருவர் தூக்கிலிடப்பட்டது இதே ரொறன்ரோவில், டொன் சிறையில், 1962 டிசம்பர் 11ஆம் திகதி. 1976இல் பாராளுமன்றம் கொலைக்கான மரண தண்டனையை ஒழித்தது. அதற்கு முதல் வருடம் கனடாவின் கொலை விகிதம் இலட்சத்துக்கு ஏறக்குறைய 3. 1991இல் அது 2.7. 2013இல் 1.5க்கும் கீழ். தண்டனை போன பிறகு கொலை கூடவில்லை, நீண்ட காலத்தில் பாதியாகக் குறைந்தது. தண்டனையை ஒழித்ததால்தான் குறைந்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் தூக்கு இல்லாவிட்டால் கொலை பெருகும் என்ற பயம் பொய்த்துப்போனது.

இரண்டாவது, சிறையும் பொலிசும். நியூயோர்க்கில் 1994இல் பொலிஸ் புதிய முறை ஒன்றைத் தொடங்கியது. எந்தத் தெருவில் எந்தக் குற்றம் என்று கணினியில் வாராவாரம் பார்த்து அங்கே ஆட்களை அனுப்பினார்கள். அமெரிக்கா முழுவதும் சிறைகளும் நிரம்பிக்கொண்டே போயின. கொலைகள் குறைந்தன. ஆகவே இவைதான் காரணம் என்று பலர் எழுதினார்கள். ஆனால் அமெரிக்கக் குற்றவியல் ஆய்வாளர் பிராங்ளின் சிம்ரிங் கனடாவைப் பாருங்கள் என்றார். அதே 1990களில் கனடாவிலும் குற்றங்கள் அதே போக்கில் குறைந்தன. இங்கே சிறையில் இருப்போரின் விகிதம் பெரிதாகக் கூடவில்லை. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் பொலிஸ்காரரின் எண்ணிக்கையும் அந்தப் பத்தாண்டில் குறைந்தே இருந்தது. எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே போக்கு என்றால், ஒரு பக்கத்தில் மட்டும் செய்த வேலை முழுக் காரணமாக இருக்க முடியாது.

மூன்றாவது, கருக்கலைப்பு. விருப்பமில்லாமல் பிறக்கும் பிள்ளைகள் குறைந்ததால் இருபது வருடத்தின் பின் குற்றமும் குறைந்தது என்று 2001இல் இரண்டு அமெரிக்கப் பொருளியலாளர்கள் எழுதினார்கள். கனடாவில் 1969இல் சட்டம் ஓரளவு தளர்ந்தது. உயர் நீதிமன்றம் அதை முழுதாக நீக்கியது 1988இல். இங்கே குற்றம் குறையத் தொடங்கிய 1990களின் ஆரம்பத்தில், அந்தத் தீர்ப்புக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இன்னும் பாலர் பாடசாலைக்குக்கூடப் போகவில்லை. இந்தக் காரணம் கனடாவில் சரியாகப் பொருந்தவில்லை.

நான்காவது, ஈயம். முன்பு பெற்றோலில் ஈயம் கலந்தார்கள். அது காற்றில் கலந்து குழந்தைகளின் மூளையைப் பாதித்தது. கோபத்தை அடக்கும் திறன் குறைவதும் அந்தப் பாதிப்பில் ஒன்று. கனடா 1970களிலிருந்து ஈயத்தைப் படிப்படியாகக் குறைத்து, 1990 முடிவில் வாகனப் பெற்றோலில் தடை செய்தது. பல நாடுகளில் ஒரே நேரத்தில் குற்றம் குறைந்ததை இது ஓரளவு விளக்கும். ஆனால் ஒரே நகரத்தில், ஒரே காற்றைச் சுவாசிக்கும் இரண்டு பகுதிகளில் ஒன்றில் மட்டும் துவக்குச் சத்தம் ஏன் கேட்கிறது என்பதை இது விளக்காது.

ஐந்தாவது, மருத்துவம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒருவரைச் சுடுவதும் அவர் இறப்பதும் ஒன்றல்ல. காயப்பட்டவர் பிழைத்துவிட்டால் அது கொலைக் கணக்கில் வராது. ரொறன்ரோவின் சன்னிபுறூக் மருத்துவமனையில் 1976இல் பெரும் காயங்களுக்கான தனிப் பிரிவு தொடங்கியது. கனடாவில் அதுதான் முதலாவது. அமெரிக்காவில் 2002இல் வந்த ஆய்வு ஒன்று, 1960களின் மருத்துவம்தான் இன்றும் இருந்திருந்தால் கொலைகள் பல மடங்காக இருந்திருக்கும் என்றது. ஆகவே கொலை எண் குறைவதில் ஒரு பங்கு, குத்தும் கையும் சுடும் கையும் குறைந்ததால் அல்ல, தைக்கும் கை திறமையானதால்.

ஆறாவது, வயது. உலகின் எந்த ஊரிலும் அதிகமாகக் கொலை செய்வதும் கொலையாவதும் இளம் ஆண்கள்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிறந்த பெரிய தலைமுறை 1990களில் முப்பதையும் நாற்பதையும் தொட்டுவிட்டது. வீடு, கடன், பிள்ளைகள் என்று ஆகிவிட்டது. எனக்கு இந்தக் காரணம் மற்றவற்றைவிட உறுதியானதாகத் தெரிகிறது. இது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க எங்கள் சமூகத்தையே உதாரணமாக எடுக்கலாம்.

எங்கள் அத்தியாயம்

1983 யூலைக் கலவரத்துக்குப் பிறகு தமிழர் கனடாவுக்கு வரத் தொடங்கினார்கள். 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழரை மீனவர்கள் கண்டெடுத்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அந்தக் காலத்தில் வந்தவர்களில் நிறையப் பேர் தனி இளைஞர்கள். ஊரில் இராணுவத்துக்கும் பயம், இயக்கங்களுக்கும் பயம். ஆகவே வயது வந்த பெடியளைத்தான் முதலில் அனுப்பினார்கள். தாய் தகப்பன் ஊரில், அல்லது கொழும்பில், அல்லது இந்தியாவில். குடும்பத்தோடு வந்த இடங்களிலும் அம்மாவும் அப்பாவும் இரண்டு வேலை. பின்னேரம் வீட்டில் ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் வராது, அடி விழும். அடிக்குத் திருப்பி அடிக்க ஒரு கூட்டம் சேரும்.

அப்படிச் சேர்ந்த கூட்டங்களில் இரண்டு 1990களில் பெரிதாகின. ஒன்று வல்வெட்டித்துறையின் பெயரைச் சுருக்கி "விவிரி" என்று சொல்லப்பட்டது. மற்றது "ஏகே கண்ணன்". ஸ்காபரோவில் இந்த இரண்டும் மாறி மாறிச் சுட்டுக்கொண்டன. நான் அப்போது சின்னப் பெடியன். கோப்பிக் கடையில் உட்காரக் கூடாது, வாங்கிக்கொண்டு உடனே வெளியே வர வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். என் வயதுத் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு அதே சட்டம் இருந்தது.

சட்டத்துக்குக் காரணம் இருந்தது. 1997 டிசம்பர் கடைசியில், ஸ்காபரோவில் ஒரு டோனட் கடையில் இருந்த 19 வயதுத் தமிழ் மாணவன் சுட்டுக் கொல்லப்பட்டான். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவன். எந்தக் கூட்டத்திலும் இல்லாதவன். நத்தார் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த நேரம். அந்தச் சாவு சமூகத்தை உலுக்கியது. அதுவரை "கெட்ட பெடியள் தங்களுக்குள் அடிபடுகிறார்கள்" என்று ஒதுங்கியிருந்தவர்களால் இனி ஒதுங்க முடியவில்லை.

பிறகு பல விடயங்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நடந்தன. ரொறன்ரோ பொலிஸ் தமிழ்க் கூட்டங்களுக்கென்றே தனிப் பிரிவு அமைத்தது. 1990களின் கடைசியில் தமிழ் இளைஞர்களே கனடியத் தமிழ் இளைஞர் மேம்பாட்டு நிலையத்தைத் தொடங்கினார்கள். "கான்ரிட்" என்று அதைச் சொல்வோம். வீட்டுப்பாட உதவி, விளையாட்டு, பள்ளிக்கூடத்தில் சண்டை வந்தால் இடையில் நின்று பேசுவது எல்லாம் அவர்கள் வேலை. 2001 ஒக்டோபரில் பொலிசும் குடிவரவு அதிகாரிகளும் "புறொஜெக்ட் 1050" என்ற பெயரில் பல பத்துப் பேரைப் பிடித்தார்கள். குடியுரிமை இல்லாதவர்களை நாடு கடத்த வழக்குகள் தொடங்கின. அந்த வழக்குகளில் குற்ற நீதிமன்றத்தில் போல ஐயமற நிரூபிக்கத் தேவையில்லை. ஒருவர் கூட்டத்தில் இருந்தார் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் போதும். போர் நடந்துகொண்டிருந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் வழக்குகள் இவை. சரியா பிழையா என்று அப்போதும் வாதம் நடந்தது, இன்றும் நடக்கலாம்.

சில வருடங்களில் தமிழ்க் கூட்டங்களின் சூடு அடங்கியது. யாருக்குப் பாராட்டு? பொலிஸ் தன் படம் போட்டது. கான்ரிட் போன்ற அமைப்புகள் தங்கள் உழைப்பைச் சொன்னன. இரண்டும் பொய்யில்லை. ஆனால் இன்னொன்றும் நடந்தது. பெடியளுக்கு முப்பது வயதானது. தாய் தகப்பன் வந்து சேர்ந்தார்கள். கலியாணம் நடந்தது. மார்க்கத்திலும் ஏஜக்ஸிலும் பிராம்ப்டனிலும் வீடு வாங்கினார்கள். அதைவிட முக்கியமாக, அவர்களின் இடத்தை அடுத்த வயதுப் பெடியள் நிரப்பவில்லை. கனடாவிலேயே பிறந்து, பாலர் வகுப்பிலிருந்து ஆங்கிலம் பேசி, வீட்டில் அம்மா இருக்க வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு கூட்டம் தேவைப்படவில்லை. பொலிஸ் இருக்கிற ஆட்களைப் பிடிக்கலாம். அந்த இடம் வெறுமையாகவே இருக்குமா என்பதை அடுத்து வளர்கிற பிள்ளைகளின் வாழ்க்கைதான் தீர்மானிக்கிறது.

இடம் நிரம்பியபோது

இதற்கு மாறான உதாரணமும் இதே நகரத்தில் உண்டு. 2005ஐ ரொறன்ரோவில் "துவக்கின் ஆண்டு" என்பார்கள். அந்த வருடம் 80 கொலைகள், அதில் 52 துவக்கால். டிசம்பர் 26ஆம் திகதி யங் வீதியில், கடைகளில் கூட்டம் நிரம்பியிருந்த நேரத்தில், 15 வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி குறுக்கே வந்த குண்டுக்குப் பலியானாள். நகரம் அதிர்ந்தது.

2006இல் "டாவிஸ்" என்ற சிறப்புப் பொலிஸ் அணிகள் வந்தன. றெக்ஸ்டேலிலும் பிறகு ஜேன்-பிஞ்ச் பகுதியிலும் பெரிய சுற்றிவளைப்புகள் நடந்தன. இன்னொரு பக்கம், நகரசபை 13 பகுதிகளை முன்னுரிமைப் பகுதிகளாக அறிவித்து அங்கே இளைஞர் இடங்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. மல்வேர்ன், கிங்ஸ்டன்-கலோவே, டோர்செட் பார்க் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆனாலும் 2007இல் எண் மீண்டும் 80ஐத் தாண்டியது. அந்த வருடம் ஒரு 15 வயது மாணவன் தன் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே சுடப்பட்டு இறந்தான். அதன் பிறகு மாகாண அரசு, முன்னாள் தலைமை நீதிபதி றோய் மக்மர்ட்றியையும் ஸ்காபரோவின் முன்னாள் மாகாணசபை உறுப்பினர் அல்வின் கேர்லிங்கையும் காரணங்களைத் தேடச் சொன்னது. 2008இல் வந்த அவர்களின் அறிக்கை வறுமை, இனவாதம், மோசமான வீட்டுத் திட்டங்கள், பள்ளியிலிருந்து தள்ளப்படுவது, வேலை இல்லாமை என்று வேர்களை வரிசைப்படுத்தியது.

2011இல் 51. எல்லோரும் மீண்டும் பாராட்டுக்கு வந்தார்கள். அடுத்த வருடம் யூலையில், ஸ்காபரோவின் டான்சிக் வீதியில் ஒரு கோடை விருந்தில் நடந்த சூட்டில் இருவர் இறந்தார்கள், இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். 2018இல் நகரத்தின் எண் 96. 1991இன் 89ஐயும் தாண்டிய சாதனை, யாரும் விரும்பாத சாதனை. அதில் 10 பேர் ஏப்ரல் 23ஆம் திகதி யங் வீதியில் வான் ஏற்றிக் கொல்லப்பட்டவர்கள். நியூயோர்க் அதே வருடம் 300க்கும் கீழே இறங்கியிருந்தது. இரண்டு நகரங்களின் விகிதமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. 2020இல் ரொறன்ரோவின் எண் 71 ஆனது, 2021இல் மீண்டும் 85.

தெருவில் மறித்துப் பெயர் எழுதும் "கார்டிங்" முறைக்கு 2017இல் கட்டுப்பாடு வந்ததும், டாவிஸ் கலைக்கப்பட்டதும்தான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் டாவிஸ் முழு வேகத்தில் இருந்த 2007இலும் எண் ஏறியது. கனடா முழுவதிலும் 2014க்குப் பிறகு விகிதம் ஏறத் தொடங்கியிருந்தது. கார்டிங்கில் கறுப்பின இளைஞர்களே அளவுக்கு மீறி மறிக்கப்பட்டார்கள் என்பதையும் ரொறன்ரோ ஸ்டார் பத்திரிகை பொலிசின் சொந்தத் தரவை வைத்தே காட்டியது. என் கணிப்பு இது: சுற்றிவளைப்பு ஒரு கூட்டத்தை எடுத்தது. அதே கட்டடத்தில், அதே வறுமையில், அடுத்த பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்த வெளியே போகும் வழி அவர்களுக்கு எல்லாம் கிடைக்கவில்லை.

கணக்கில் வராதவர்கள்

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொலை எண் என்பது பொலிசுக்குத் தெரிந்த கொலைகளின் எண். 2010க்கும் 2017க்கும் இடையில் ரொறன்ரோவில் ஒருவன் எட்டு ஆண்களைக் கொன்றான். பலர் ஓரினச் சேர்க்கையாளர் கூடும் பகுதியோடு தொடர்புடையவர்கள். அந்த எட்டுப் பேரில் இருவர் இலங்கைத் தமிழர். ஒருவர் 2010இல் "சன் சீ" கப்பலில் வந்த 492 பேரில் ஒருவர். அவருடைய அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டிருந்தது. அவரிடமிருந்து சத்தம் இல்லாதபோது, நாடு கடத்தலுக்குப் பயந்து ஒளிந்திருக்கிறார் என்று வீட்டார் நினைத்தார்கள். காணவில்லை என்று ஒருவரும் பொலிசில் பதியவில்லை. 2018இல் எலும்புகள் கண்டெடுக்கப்படும்வரை அவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. "கொலைகள் குறைந்தன" என்று நாங்கள் மகிழ்ந்த வருடங்களின் கணக்கில் இந்த எட்டுப் பேரும் அப்போது இல்லை.

ஆகவே எண் குறைந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். யாரை எண்ணினார்கள்? யாரைத் தேட ஒருவரும் இல்லை?

உங்களிடம் ஒரு கோரிக்கை

ஒரே காரணம் கிடையாது. வயதும் மருத்துவமும் ஈயமும் சேர்ந்து நீண்ட காலச் சரிவை உண்டாக்கியிருக்கலாம். பொலிஸ் சில வருடங்களை அமைதியாக்கியிருக்கலாம். ஆனால் எங்கள் சமூகத்தில் நடந்ததை வைத்துப் பார்த்தால், குறைந்தது குறைந்தபடியே நிற்பதற்கு அடுத்த பிள்ளைக்கு வேறு ஒரு வழி இருக்க வேண்டும். இதுதான் எனக்குப் பிடிபட்டது.

இதை நான் எழுதுவதற்குக் காரணம், எங்கள் வீடுகளில் நான் கேட்கிற பேச்சு. தொலைக்காட்சியில் சூட்டுச் செய்தி வந்தால், சந்தேகநபரின் நிறத்தைப் பார்த்துவிட்டு "அவையள் அப்படித்தான்" என்று சொல்லும் பேச்சு. 1990களில் இந்த நகரம் அதே வார்த்தையை எங்களைப் பற்றிச் சொன்னது. "தமிழ்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் "கேங்" என்ற சொல்லைப் பத்திரிகைகள் அச்சடித்த காலம் அது. இருபத்தைந்து வருடத்தில் எங்கள் இரத்தம் மாறவில்லை. எங்கள் சூழ்நிலை மாறியது.

அடுத்த முறை அந்தப் பேச்சு வந்தால் மாமாவுக்கு 1997ஐ ஞாபகப்படுத்துங்கள். மரியாதையாகத்தான். அவருக்கு நிச்சயமாக ஞாபகம் இருக்கும். பிறகு, உங்கள் பள்ளிக்கூடத்திலோ பக்கத்துச் சமூக நிலையத்திலோ வீட்டுப்பாட உதவிக்கு ஆள் தேடினால் வாரத்தில் ஒரு பின்னேரம் போய் இருங்கள். அங்கே வருகிற பிள்ளை தமிழ்ப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்று இல்லை.